போனில் வந்த நான்கு பக்கங்கள்

கடிதம்

எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64. மதுரையிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது அவர் ஊர். ஏழு பக்கக் கடிதத்தில் முக்கியமான வரிகளுக்கெல்லாம் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருக்கிறார். ஊர், வங்கி, உறவுக்காரர் பெயர்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஊரில் 'டவுன் பேங்க்' என்று சொல்லும் கூட்டுறவு நகர வங்கியில் இவர் இருபது வருடமாக உறுப்பினர். பணிக்கொடைப் பணத்தில் ஆறரை லட்சத்தைத் தன் பெயரிலும், நான்கு லட்சத்தைக் கணவரோடு கூட்டாகவும் டெபாசிட் போட்டிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் ரிசர்வ் வங்கி அதிகாரிகள் வந்து பத்து நாள் கணக்குப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதன்பின் ஒரு ராத்திரி, அதே வங்கியில் எழுத்தராக இருக்கும் இவருடைய தங்கை மகன் போனில் நான்கு போட்டோ அனுப்பினான். ஆய்வறிக்கையின் நான்கு பக்கங்கள். மேலே 'ரகசியம்' என்று முத்திரை. நகைக்கடன் பைகள் சிலவற்றில் எடை ஒத்துவரவில்லை, இயக்குநர் ஒருவரின் தம்பிக்குக் கடன் போயிருக்கிறது, வாராக்கடனைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று அதில் இருக்கிறதாம்.

முழு அறிக்கையைக் கேட்டு வங்கிக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். 'எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது' என்று ஒற்றை வரியில் பதில். அமெரிக்காவில் வங்கி வேலையில் இருக்கும் மருமகன் வீடியோ காலில், "அத்தை, அந்த போட்டோவை வச்சிருந்தாலே ஜெயில்" என்று பயமுறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரரோ, "வங்கி அறிக்கையெல்லாம் பொதுச்சொத்துன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு, உறுப்பினர் குரூப்ல போடுங்க டீச்சர்" என்கிறார். அடுத்த மாதம் மகாசபை. அறிக்கை கிடைக்குமா, இருப்பதைக் காட்டலாமா, பையன் வேலைக்கு ஆபத்து வருமா, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா, பணம் பத்திரமா என்பவை இவருடைய கேள்விகள்.

பதில்

ஊரே உங்களை டீச்சர் என்று கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிடுகிறேன். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பணத்தைப் பற்றிய பயம் தெளியாத வரை மற்ற எதுவும் காதில் ஏறாது.

முதலில் டெபாசிட் ரசீதை எடுத்து, மேலே அச்சாகியிருக்கும் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். நம் பக்கத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் மக்கள் 'பேங்க்' என்றுதான் சொல்கிறார்கள். அது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே போட்ட டெபாசிட்டுக்கு டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் பாதுகாப்பு கிடையாது. உங்களுடையது நகர வங்கி என்பதாலும், ரிசர்வ் வங்கியே வந்து பார்த்திருப்பதாலும் காப்பீடு இருக்க வேண்டும். கழகத்தின் இணையதளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் இருக்கிறது. பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டு வரம்பு 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம் ரூபாய். அதற்கு முன் வெறும் 1 லட்சம்தான். அசலும் வட்டியும் சேர்ந்தே இந்த 5 லட்சம். ஒரே வங்கியின் எல்லாக் கிளையும் சேர்த்தே கணக்கு. ஆனால் தனிப்பெயர்க் கணக்கு வேறு, கூட்டுக் கணக்கு வேறு. உங்கள் ஆறரை லட்சத்தில் 5 லட்சம் உள்ளே, ஒன்றரை லட்சமும் ஏறிக்கொண்டிருக்கும் வட்டியும் வெளியே. கணவரோடு கூட்டாகப் போட்ட நான்கு லட்சம் தனி வரம்பில் முழுவதும் உள்ளே. பங்குத்தொகைக்குக் காப்பீடு இல்லை. 2021-இல் வந்த திருத்தத்தின்படி, ரிசர்வ் வங்கி ஒரு வங்கியில் பணம் எடுப்பதற்குத் தடை போட்டால், வங்கியைக் கலைக்கும் வரை காத்திருக்காமல் 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை கைக்கு வர வேண்டும்.

ஆக, உங்கள் ஆபத்து பத்தரை லட்சம் அல்ல. ஒன்றரை லட்சமும் சில்லறையும். அதை முதிர்வுக்கு முன்பே எடுத்தால் வட்டியில் கொஞ்சம் வெட்டுவார்கள், அவ்வளவுதான். எடுத்து வேறு வங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் எடுக்கப் போனால், நீங்கள் கவுன்டரில் நிற்பதைப் பார்த்த நாலு பேர் மறுநாள் காலை வாசலில் நிற்பார்கள். நல்ல வங்கியும் அப்படிப்பட்ட கூட்டத்தைத் தாங்காது.

அந்த அறிக்கை யாருடையது?

வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949, 35-ஆம் பிரிவு. இதன்படிதான் ரிசர்வ் வங்கி எந்த வங்கிக்குள்ளும் போய்க் கணக்குகளைப் பார்க்கிறது. கூட்டுறவு வங்கிக்கு அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவு வழியாக இது பொருந்துகிறது. பார்த்து முடித்ததும் ஒரு நகலை வங்கிக்குத் தருகிறார்கள். அது இயக்குநர் குழுவின் முன் போக வேண்டும், குறைகளுக்குப் பதில் எழுத வேண்டும். 'நான் பங்குதாரர், எனக்கும் ஒரு நகல் கொடு' என்று கேட்க இந்தப் பிரிவில் வழியில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் அடிக்கோடு போட்ட 'உறுப்பினர் என்ற முறையில் என் உரிமை' என்ற வரி, இந்த அறிக்கையைப் பொறுத்தவரை நிற்காது.

வங்கியே நினைத்தாலும் எடுத்துக் காட்ட முடியாது. 2019 பிப்ரவரியில் யெஸ் வங்கி, தன் சொத்து வகைப்பாட்டில், அதாவது எது நல்ல கடன், எது வாராக்கடன் என்று பிரித்ததில், ரிசர்வ் வங்கி எந்த வேறுபாட்டையும் காணவில்லை என்று பங்குச்சந்தைக்குப் பெருமையாக அறிவித்தது. பங்கு விலை எகிறியது. இரண்டே நாளில், 'ரகசியம் என்று குறித்துத் தந்த அறிக்கையிலிருந்து ஒரு துண்டை மட்டும் எப்படி வெளியே சொன்னாய்' என்று ரிசர்வ் வங்கி கடிதம் எழுதியதை அதே பங்குச்சந்தையிடம் அந்த வங்கியே சொல்ல வேண்டி வந்தது. நல்ல மதிப்பெண்ணைக்கூடத் தானாக விளம்பரப்படுத்தக் கூடாது என்பதுதான் அங்கே உள்ள கட்டுப்பாடு.

ஆனால் ஒன்று. அதே 35-ஆம் பிரிவில், தன்னிடம் வரும் ஆய்வறிக்கையை வங்கிக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு மத்திய அரசு வெளியிடலாம் என்றும் இருக்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் இதை என்றைக்கும் திறக்கக் கூடாத பெட்டியாக நினைக்கவில்லை.

மருமகன் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும்

மருமகன் பொய் சொல்லவில்லை. அவர் இருக்கும் நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறார். அமெரிக்காவில் ஃபெடரல் ரிசர்வ் எழுதும் ஆய்வறிக்கை வங்கியின் அலமாரியில் இருந்தாலும் ஃபெடரல் ரிசர்வின் சொத்துதான். வங்கி தன் இயக்குநருக்கும் அலுவலருக்கும் காட்டலாம்; நிபந்தனையோடு தன் வக்கீலுக்கும் தணிக்கையாளருக்கும் காட்டலாம்; அதற்கு மேல் என்றால் அனுமதி வேண்டும். அவர்களுடைய தகவல் சுதந்திரச் சட்டத்தில் வங்கி ஆய்வறிக்கைக்கென்றே ஒரு விலக்கு இருக்கிறது, எட்டாம் விலக்கு. அங்கே வங்கியில் சேருகிறவர்களுக்கு இதைப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த பயத்தைத்தான் அவர் வீடியோ காலில் உங்களுக்கு அனுப்பிவைத்தார்.

நம் தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வங்கி மேற்பார்வைக்கென்று அப்படித் தனி விலக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் இங்கே சண்டையே வந்தது. குஜராத்தில் ஒரு கூட்டுறவு வங்கியைப் பற்றிய தகவலை ஜெயந்திலால் மிஸ்திரி என்பவர் 2010-இல் ரிசர்வ் வங்கியிடம் கேட்டார். ஆமாம், உங்களுடையதைப் போல ஒரு கூட்டுறவு வங்கிதான். ரிசர்வ் வங்கி மறுத்தது. 'வங்கிகள் எங்களை நம்பி ஒப்படைத்தவை இவை, நம்பிக்கைக்குரியவர் என்ற உறவில் எங்களிடம் இருக்கின்றன, வெளியே தர முடியாது' என்பது அதன் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 டிசம்பர் 16-இல் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்குத் தீர்ப்பாக வந்தது.

தீர்ப்பின் உயிர்நாடியை உங்கள் பாஷையில் சொல்கிறேன். பள்ளிக்கு டி.இ.ஓ. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார். பாடக்குறிப்பு, வருகைப் பதிவேடு எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைக்கிறீர்கள். அவர்மேல் நம்பிக்கை வைத்து அந்தரங்கமாக ஒப்படைக்கிறீர்களா? சட்டம் காட்டச் சொல்கிறது, காட்டுகிறீர்கள். ரிசர்வ் வங்கிக்கும் வங்கிகளுக்கும் உள்ள உறவு அதுதான், நம்பி ஒப்படைத்த உறவு அல்ல என்றது நீதிமன்றம். வெளியே தெரிந்தால் பொருளாதாரம் ஆட்டம் காணும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. பொதுமக்களின் நலனைக் காப்பதுதான் ரிசர்வ் வங்கியின் கடமை, தனித்தனி வங்கிகளின் நலனை அல்ல என்றது. அதன்பிறகும் ரிசர்வ் வங்கி தானாக ஒரு வெளிப்படுத்தல் கொள்கை வகுத்துக்கொண்டு பல தகவல்களை விலக்கி வைத்தது. 2019 ஏப்ரல் 26-இல் அவமதிப்பு வழக்கில், தீர்ப்புக்கு முரணான அந்த விலக்குகளை எடுத்துவிடு, இதுவே கடைசி வாய்ப்பு என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

பக்கத்து வீட்டுக்காரர் இதுவரை படித்திருக்கிறார். மிச்சக் கதையை விட்டுவிட்டார். அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெறச் சொல்லி வங்கிகள் போட்ட மனுக்கள் 2021 ஏப்ரலில் தள்ளுபடியாயின. உடனே அவர்கள் புதிதாக ரிட் மனுக்களோடு வந்தார்கள். 2022 செப்டம்பர் 30-இல் உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017-ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்புக்கு முன்பே மிஸ்திரி தீர்ப்பு வந்துவிட்டதால் அந்தக் கோணம் அங்கே பார்க்கப்படவில்லை என்று சொல்லி, வங்கிகளின் மனுக்களை விசாரணைக்கு ஏற்றது. மிஸ்திரி தீர்ப்பு ரத்தாகவில்லை. ஆனால் பொதுத் தகவல் அலுவலருக்கு மறுக்க ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது.

எந்த நிலையிலும் அந்தத் தீர்ப்பு சொல்வது, ரிசர்வ் வங்கியிடம் முறையாகக் கேட்டால் 'ரகசியம்' என்ற முத்திரை ஒன்றை மட்டும் காட்டி மறுக்க முடியாது என்பதுதான். திருட்டுத்தனமாக வந்த நகலை யார் வேண்டுமானாலும் குரூப்பில் போடலாம் என்று அதில் எங்கேயும் இல்லை.

வங்கி சொன்ன ஒற்றை வரி

'எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது' என்ற பதிலைப் படித்து நீங்கள் கொதித்துப் போயிருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. வருத்தமாக இருந்தாலும் சொல்ல வேண்டும், அது பெரும்பாலும் சரியான பதில். 2013 அக்டோபரில், கேரளத்தின் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு பெருமளவு நிதி கொடுக்காத, அரசின் ஆழமான கட்டுப்பாட்டில் இல்லாத கூட்டுறவுச் சங்கம் 'பொது அதிகார அமைப்பு', அதாவது தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அமைப்பு, ஆகாது என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, அதை எந்த வங்கி மேலாளரும் பதிலில் எழுத மாட்டார். கூட்டுறவுப் பதிவாளர் பொது அதிகார அமைப்பு. சங்கத்திடமிருந்து அவர் சட்டப்படி வாங்கக்கூடிய தகவலை, அவர் வழியாக நாம் கேட்கலாம்.

முன்வாசலைப் பூட்டியதும் நீங்கள் அங்கேயே நின்று தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கவாசல் மதுரைக் கூட்டுறவு இணைப்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது.

எங்கே, எதைக் கேட்பது

*இணைப்பதிவாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு.* வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை, எழுதவும் வேண்டாம். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேள்வி கேட்டால், 'விளக்கம் தர இயலாது' என்று முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுக்கான தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பும் தணிக்கை அறிக்கையின் குறைபாட்டுப் பட்டியலும். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் விசாரணையோ 82-இல் ஆய்வோ இந்த வங்கிமேல் உத்தரவாகியிருந்தால் அந்த உத்தரவு நகலும் முடிந்திருந்தால் அதன் அறிக்கையும். 87-ஆம் பிரிவில் தண்டத்தீர்வை நடவடிக்கை (நஷ்டத்தை அதற்குக் காரணமானவரிடமே வசூலிப்பது) ஏதாவது உண்டா என்பது. 'எண்பத்தொன்று போட்டிருக்கா சார்?' என்று கூட்டுறவு ஆபீஸில் கேட்டாலே உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

*ரிசர்வ் வங்கிக்கு.* மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளம் வழியாகப் போடுவது சுலபம், கட்டணம் அதே 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் இங்கே செல்லாது. முழு அறிக்கையைக் கேட்பதில் தவறில்லை, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கடைசியாக ஆய்வு நடந்த தேதிகள், அபராதம் விதித்திருந்தால் உத்தரவு நகல், வங்கிமேல் தற்போது கட்டுப்பாடு ஏதும் உள்ளதா என்று தனித்தனியாக எண் போட்டுக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கோத்தால் ஒன்றைக் காட்டி ஒன்பதையும் மறுத்துவிடுவார்கள். கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: விலக்குக்கு உட்பட்ட பகுதி இருந்தால் 10-ஆம் பிரிவின்படி அதை மட்டும் மறைத்து மீதியைத் தரவும்.

முழு அறிக்கைக்கான மனு எப்படிப் போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். 11-ஆம் பிரிவின்படி வங்கிக்கு அறிவிப்புப் போகும், வங்கி ஆட்சேபிக்கும். அப்படி வங்கியையும் கேட்பதால் 40 நாளில் பதில். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அங்கேயும் மறுத்தால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். வருடக்கணக்கில் ஆகலாம். உங்கள் மகாசபை அடுத்த மாதம்.

*யாரையும் கேட்காமலே கிடைப்பவை.* வங்கிகள்மேல் போடும் அபராதங்களை ரிசர்வ் வங்கி காரணத்தோடு பத்திரிகைக் குறிப்பாகத் தன் தளத்தில் வெளியிடுகிறது. அப்படி அபராதம் விழுந்தால் ஆண்டறிக்கைக் குறிப்புகளிலும் வங்கி அதைச் சொல்லியாக வேண்டும். அதே குறிப்புகளில் மூலதன விகிதம் (கொடுத்த கடன்களின் ஆபத்தைத் தாங்க வங்கி வைத்திருக்கும் சொந்த முதலின் அளவு) இருக்கும். 100 கோடி வரை டெபாசிட் உள்ள சிறு நகர வங்கிக்கு அது 9 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. போன வருட ஆண்டறிக்கையில் அந்த எண்ணையும் நிகர வாராக்கடன் சதவீதத்தையும் தேடிப் பாருங்கள். இருபது வருட உறுப்பினரில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைப் பிரித்திருப்பார்கள்? எடைக்குப் போட்டவர்களே அதிகம்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், யார் யாருக்கு எவ்வளவு கடன் என்ற பட்டியல் கைக்கு வரும் என்று. அந்தத் தகவலுக்கு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45-இ பிரிவு ஒரு பூட்டு. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே பொதுநலன் கருதித் தரலாம் என்று இருந்தது, இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்றாலே விலக்கு. பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற 8(2) மட்டும் மிச்சம் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் இது தகவல் உரிமைச் சட்டத்துக்கு விழுந்த பெரிய அடி.

அந்த நான்கு போட்டோக்கள்

உங்கள் போனில் அவை இருப்பதாலேயே உங்களை ஜெயிலில் போட மாட்டார்கள். நீங்கள் வங்கி ஊழியர் அல்ல, ரகசியம் காப்பேன் என்று யாரிடமும் கையெழுத்துப் போடவில்லை. குறுக்குவழியில் வந்த தாள் கோர்ட்டில் செல்லவே செல்லாது என்பதும் சரியில்லை. ரஃபேல் போர் விமான வழக்கின் மறுஆய்வு மனுக்களில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அப்படி வெளியே வந்த ஆவணங்களைப் பார்க்கலாம் என்றே சொன்னது.

ஆனாலும் அதைக் குரூப்பில் போடாதீர்கள். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடத்துக்கு முன், வக்கீலான என்னிடம் வழக்குக் கொடுத்திருந்த கட்சிக்காரர் ஒருவர், வேறொரு ஊர்க் கூட்டுறவு நிறுவனத்தின் ஆய்வறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து மகாசபையில் எல்லார் கையிலும் கொடுத்தார். ஐம்பது காப்பி. மேடையில் இருந்தவர்கள் ஒரு நிமிஷம் வெலவெலத்துப் போனார்கள். அடுத்த நிமிஷம் தலைவர் எழுந்து கேட்டார், "இந்தப் பேப்பர் உனக்கு எப்படி வந்துச்சு?" கூட்டம் முடியும் வரை அந்த ஒரு கேள்விதான். கடன் போன கதையை யாரும் பேசவில்லை. மறுவாரம் ரெக்கார்டு ரூம் சாவி வைத்திருந்த ஊழியருக்குச் சஸ்பென்ஷன். அந்த மனிதருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். என் கட்சிக்காரர் இன்றைக்கும் அவர் வீட்டுத் தெரு வழியாகப் போவதில்லை.

சட்டத்திலும் சிக்கல் உண்டு. நான்கு பக்கத்தில் பெயர்கள் இருக்கின்றன. வங்கி பதில் எழுதிய பிறகு சில குறைகள் தீர்ந்துபோயிருக்கலாம். அது உங்களிடம் இல்லாத பக்கத்தில் இருக்கும். பாதியைப் போட்டு ஒருவர் பெயர் கெட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவு, அவதூறு. பொய்த் தகவலால் பீதி கிளப்பினார் என்று 353-ஐயும் இழுக்கப் பார்ப்பார்கள். கடைசியில் தப்பிக்கலாம், ஆனால் 64 வயதில் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டுமா?

அழித்துவிடவும் நான் சொல்லவில்லை. விவகாரம் எங்கே போகும் என்று தெரியாதபோது ஆவணத்தை அழிப்பது தப்பாகவே படும். யாருக்கும் அனுப்பாமல் அப்படியே கிடக்கட்டும்.

அதில் படித்த விஷயத்தை மட்டும் நேர்வழிக்குக் கொண்டுவாருங்கள். நகர வங்கி தன் இயக்குநருக்கும் அவர் உறவினருக்கும் கடன் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சொந்த டெபாசிட்டின் மேல் வாங்கும் கடன் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 'இயக்குநர்களின் உறவினருக்குக் கடன் போயிருப்பதாக உறுப்பினர்களிடையே பேச்சு இருக்கிறது, நகைப் பைகளை உறுப்பினர் முன்னிலையில் மறு எடை போட வேண்டும், 81-ஆம் பிரிவில் விசாரிக்க வேண்டுகிறேன்' என்று இணைப்பதிவாளருக்கு மனு எழுதுங்கள், சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு ஒரு நகல். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. பதிவாளர் தாமாகவே 81 உத்தரவு போடலாம். நாலைந்து உறுப்பினர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் மனுவுக்கு எடை கூடும்.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது உங்கள் கணக்கில் நடந்த சேவைக் குறைபாட்டுக்கான இடம். இதற்குப் பொருந்தாது.

தங்கை மகன்

இவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உங்கள் மேலுள்ள பாசத்தில் அனுப்பிவிட்டான். ஆனால் பணிவிதிப்படி அது ரகசியக் காப்பை மீறியது; வேலை போகும் அளவுக்குக் குற்றச்சாட்டு எழுத முடியும். ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவில்லை. ரிசர்வ் வங்கி 2007-இல் கொண்டுவந்த, தகவல் தருபவர் அடையாளத்தைக் காக்கும் திட்டம் தனியார் வங்கிகளுக்கும் வெளிநாட்டு வங்கிகளுக்கும் உரியது. கூட்டுறவு வங்கி எழுத்தருக்கு அந்தக் குடையும் இல்லை.

அவனிடம் நேரில் பேசுங்கள், போனில் வேண்டாம். இனி ஒரு தாளும் அனுப்பக் கூடாது. 'மீதிப் பக்கத்தையும் எடுத்துட்டு வாடா' என்று நீங்கள் கேட்கவே கூடாது. அதுவரை வாங்கி வைத்திருந்தவர், அந்த நிமிஷத்திலிருந்து தூண்டிவிட்டவர் ஆகிவிடுவீர்கள். அலுவலகத்தில் விசாரணை என்று கூப்பிட்டால், எதையும் எழுதிக் கொடுக்கும் முன் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும்.

மகாசபையில்

மைக் கைக்கு வந்ததும் இப்படிக் கேளுங்கள். "ஆய்வு முடிந்ததா? சுட்டிய குறைகளுக்குப் பதில் அனுப்பியாயிற்றா, எந்தத் தேதியில்? நகைக் கடன் பைகள் கடைசியாக எப்போது மறு எடை போடப்பட்டன? இயக்குநர் உறவினருக்குக் கடன் இல்லை என்று இந்த மன்றத்தில் சொல்வீர்களா?" நான்குமே ஊரறிந்த விஷயத்திலிருந்து பிறக்கும் கேள்விகள். அதிகாரிகள் பத்து நாள் வந்து போனதை டீக்கடையே பார்த்தது. 'உனக்கு எப்படித் தெரியும்' என்று யாரும் உங்களைத் திருப்பிக் கேட்க முடியாது. கேட்டதையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அன்று மாலையே அதைப் பதிவுத்தபாலில் வங்கிக்கு எழுதிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பதிவாளர் மனுவைக் கிடப்பில் போட்டால் உலகனேரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. 'என் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள்' என்ற சிறிய ரிட் போதும். தேவைப்பட்டால் ஆய்வறிக்கையை நீதிபதியே மூடிய உறையில் வரவழைத்துப் பார்ப்பார். அன்றைக்கு அந்த நான்கு பக்கமும் முழு அறிக்கையோடு சேர்ந்தே வரும், பையனின் பெயர் இல்லாமல்.

இணைப்பதிவாளருக்கும் ரிசர்வ் வங்கிக்குமான இரண்டு மனுக்களையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள். தபாலில் போவதற்கு ஒப்புகை அட்டை வாங்குங்கள், இணையத்தில் போட்டதற்குப் பதிவெண்ணைக் குறித்து வையுங்கள். பதில் வந்தால் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள், பதில் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து. அதைக் காட்ட உறைமேல் விழுந்த தபால் முத்திரைதான் உங்களிடம் இருக்கும்.